சேற்றுப் பாதைக்கு எந்த அளவு பிரேம்?

உயரத்தைச் சொன்னால் பிரேம் அளவைச் சொல்லிவிடும் அட்டவணை ஒவ்வொரு சைக்கிள் நிறுவனத்திடமும் உண்டு. பொருத்தம் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அதை நம்பி வாங்கியவர்கள்தாம். அட்டவணையில் தவறில்லை, எந்தப் பாதையில் ஓட்டப்போகிறீர்கள் என்று அது கேட்பதில்லை, அவ்வளவுதான். மரங்களுக்கு நடுவே நெளிந்து போகும் சேற்றுத் தடத்தில் மவுண்டன் பைக் ஓட்டுகிறவருக்கு அந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

முன்பு சீட் குழாயின் நீளத்தை அங்குலத்தில் அளந்து 17, 19 என்று அளவு குறித்தார்கள். ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்ட் வந்த பிறகு அந்த எண்ணுக்குப் பழைய மதிப்பில்லை. மீடியம், லார்ஜ் என்ற பெயர்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பார்க்க வேண்டியது ரீச். பெடல் கைகள் சுழலும் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு இழுங்கள். அதற்கும் ஹேண்டில்பார் நுழையும் குழாயின் மேல்முனைக்கும் உள்ள கிடைத்தூரம்தான் ரீச். பெடல்மேல் எழுந்து நிற்கையில் உடல் எவ்வளவு நீள வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. சறுக்கும் வளைவில் யாரும் சீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை.

ரீச் கூடினால் பெரும்பாலும் இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் கூடும். வேகமான இறக்கத்தில் அது நல்லது. நெருங்கி வரும் வளைவுகளில் வண்டி திரும்பச் சோம்பும். சேற்றில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. கிராங்கிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்தான் செயின்ஸ்டே. பல மாடல்களில் எல்லா அளவுக்கும் அது ஒரே நீளம்தான். பிரேம் பெரிதாகப் பெரிதாக, பின்சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க, முன்சக்கரம் மட்டும் விலகிப் போகிறது. எடை பின்னால் தங்கிவிடுவதால் முன்டயர் மண்ணைக் கவ்வுவதில்லை. காய்ந்த தரை இதைப் பொறுத்துக்கொள்ளும், ஈரக் களிமண் பொறுக்காது. முன்சக்கரம் ஒருமுறை வழுக்கியதும் பயந்து உடலைப் பின்னுக்கு இழுப்பார்கள். பிடிப்பு இன்னும் குறையும்.

ஆகவே, இரண்டு அளவுகளுக்கு நடுவில் நிற்கிறவர்களுக்கு இந்தப் பாதைக்குச் சிறியதையே சொல்கிறேன். அதற்கும் எல்லை உண்டு. திரும்பும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தாலோ, சீட் கம்பத்தை அதில் குறித்த எல்லைக்கோட்டைத் தாண்டி உயர்த்த வேண்டியிருந்தாலோ, அது உங்கள் பிரேம் இல்லை. ஹேண்டில்பாரைப் பிரேமின் முன்பக்கத்தோடு இணைக்கும் ஸ்டெம்மை நீளமாகப் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். இப்போதைய வண்டிகள் 35 முதல் 50 மில்லிமீட்டர் ஸ்டெம்முக்கென்றே வடிவமைக்கப்படுபவை. அதை நீட்டினால் திருப்பம் மந்தமாகும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சீட்டை இறக்கி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இரு பெடல்களும் சம உயரத்தில் இருக்கும்படி எழுந்து நில்லுங்கள். முழங்கைகளை மடக்கியபடி ஹேண்டில்பாரை இடமும் வலமும் நன்றாகத் திருப்புங்கள். வளைவின் வெளிப்பக்கக் கை விறைத்து நீண்டுவிட்டால் உங்களுக்கு அந்த வண்டி நீளம். ஹேண்டில்பார் மிக அகலமாக இருந்தாலும் இப்படி ஆகும் என்பதால், பிடியை இரு பக்கமும் சற்று உள்ளே தள்ளிப் பிடித்து மறுபடி பாருங்கள். பிறகு கீழே இறங்கி மேல்குழாயின் இருபுறமும் கால் ஊன்றி நில்லுங்கள். சேற்றில் ஊன்றிய கால் புதையும், வழுக்கும். கவட்டுக்கும் மேல்குழாய்க்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியாவது வேண்டும்.

அளவு சரியானாலும் டயருக்கு இடமில்லாத பிரேம் இங்கே உதவாது. பழுதுக்கு வரும் வண்டிகளில் கிராங்குக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்ப்பேன். செயின்ஸ்டேயின் உட்புறத்தில் பிறை வடிவில் பெயின்ட் தேய்ந்து உலோகம் பளபளக்கும். டயர் அங்கே உரசியதே இல்லை. அதில் அப்பிய மணல் கலந்த சேறுதான் உப்புத்தாள்போல் அராவியிருக்கும். கார்பன் பிரேமில் இது இன்னும் மோசம், இழைகளையே தின்றுவிடும். 2.4 அங்குலம் என்று அச்சிட்ட டயர் அகலமான ரிம்மில் அதைவிட விரியக்கூடும். காற்றடித்த டயரின் பக்கப் பற்களிலிருந்து பிரேம் குழாய்வரை அளந்து பாருங்கள். விரல் நுழையாவிட்டால் ஒல்லியான, பற்கள் இடைவெளிவிட்டு அமைந்த சேற்று டயருக்கு மாறுங்கள், அல்லது வேறு பிரேம் பாருங்கள்.