பாஸ்டர் என்ன கங்காணியா?

போன மாதம் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சாவு. தூறல் விடவேயில்லை, லயத்து வாசலில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டு வாசலில், பெட்டியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம், செத்துப்போன அம்மா எந்தச் சபை என்று இரண்டு பாஸ்டர்மாரின் ஆட்கள் வாக்குவாதம். ஒரு பக்கத்தார் தாங்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திரும்ப அடுக்கவே தொடங்கிவிட்டார்கள். மகன் என்னிடம் வந்தான். "ஐயா, அம்மாவ யாரு பொதைக்கிறதுன்னு நீங்களாச்சும் சொல்லுங்க." எத்தனை சாவு வீட்டில்தான் இதைப் பார்ப்பது? சரி, எழுதியே விடுகிறேன்.

சபையார் என்ன பாஸ்டரின் சொத்தா என்று கண்டித்துக் கேட்டால் உடனே ஒரு வசனம் வரும்: தகப்பன்மார் அநேகர் இல்லை என்று பவுலே சொல்லியிருக்கிறாராம், அதனால் எங்க பாஸ்டர்தான் எங்களுக்குத் தகப்பனாம். அது 1 கொரிந்தியர் 4ஆம் அதிகாரம். ஒரு பக்கம் முன்னால் புரட்டினால் கை வலிக்குமா? 3ஆம் அதிகாரத்தில் அதே பவுல், தன்னையும் கொரிந்துக்காரருக்குப் போதித்த இன்னொரு ஊழியரான அப்பொல்லோவையும் பற்றி, "பவுல் யார்? அப்பொல்லோ யார்?" என்று கேட்டு, ஊழியக்காரர்தானே என்கிறார். அதோடு விடவில்லை. கொரிந்துக்காரர்கள் நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள், நான் கேபாவின் (பேதுருதான்) ஆள் என்று திரிந்தார்கள். அவரோ அதை அப்படியே திருப்பிப் போட்டு, பவுலும் அப்பொல்லோவும் கேபாவும் உங்களுடையவர்கள் என்கிறார். மூன்று பேருமே, சபை முழுவதற்கும்! கடைசி அதிகாரத்தில், கொரிந்துக்குப் போ என்று அப்பொல்லோவைப் பவுலே வருந்திக் கேட்கிறார், அப்பொல்லோதான் இப்போதைக்கு மனமில்லை என்கிறார். தன் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று பயப்படுகிறவர் அப்படிக் கேட்பாரா?

நம் பாட்டன்மார் காலத்தில், தோட்டத்துக்கு ஆள் பிடித்து வேலை வாங்கிய கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. தோட்டம் மாற 'துண்டு' வேண்டும், கடனை அடைத்தால் ஆளை விடுகிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921இல் அதை ஒழித்தார்கள். சபைக்குள் மட்டும் இன்னும் ஓடுகிறது. பக்கத்து டிவிஷன் ஜெபக்கூட்டத்துக்குப் போக பாஸ்டரிடம் அனுமதி கேட்டு நிற்கிற பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன்.

பாஸ்டர் "என் ஆட்கள்" என்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். காணிக்கைக் கணக்கை ஒருவர் கையில் மட்டும் விடாதீர்கள். சாவு வீட்டில் யார் ஜெபிப்பது என்பதை வீட்டுக்காரர் சொல்லட்டும், நீங்கள் பெட்டியைத் தூக்குங்கள், குழி வெட்டப் போங்கள். அன்றைக்குக் கடைசியில் மகன்தான் ஜெபித்தான், "எங்க அம்மா" என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை.

புதிதாக ஊழியத்துக்கு வந்த தம்பிமாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், மாதத்தில் ஒரு ஞாயிறாவது பக்கத்துப் போதகரைக் கூப்பிட்டுப் பிரசங்கம் பண்ணச் சொல்லுங்கள். சனங்கள் அவர் பிரசங்கம் நல்லாயிருக்கு என்பார்கள், முதல் தடவை வயிறு எரியும். எனக்கும் எரிந்தது.