காணாமற்போகும் காமா கதிர்கள்

புரட்டாதியில், மாரி மழை தொடங்குவதற்கு முன், அமாவாசையை ஒட்டிய ஒருநாள் விடிவதற்கு ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போது நிலாவெளிக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள் (ஹோட்டல் லைட் படாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும்). கடலுக்கு மேலே கூம்பாக ஒரு மங்கல் வெளிச்சம் தெரியும். விடியல் இல்லை அது. கோள்களுக்கிடையே கிடக்கும் தூசியில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளி. அழகுதான், ஆனால் பிரபஞ்சத்தில் இதுவரை எரிந்த நட்சத்திரங்கள் மொத்தமாக எவ்வளவு ஒளி விட்டன என்று அளக்கப் போகிறவர்களுக்குப் பெரிய தொல்லை. அந்தப் பழைய ஒளி எங்கும் பரவிக் கிடக்கிறது, இந்தத் தூசி வெளிச்சமோ அதைவிடப் பல மடங்கு பிரகாசம்.

அதனால் சுற்றி வளைத்துப் போகிறார்கள். சில கலக்ஸிகளின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளை, வாயுவை விழுங்கிக்கொண்டே கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் ஒரு தாரையைப் பீய்ச்சும். தாரை நம் பக்கம் நோக்கியிருந்தால் அதுதான் பிளேசர். அங்கிருந்து வரும் காமா கதிர் (அதுவும் ஒளிதான், சக்தி மிகக் கூடியது) வழியில் ஒரு நட்சத்திர ஒளித்துகளோடு மோதினால் இரண்டும் மறைந்து, ஓர் இலத்திரனும் அதன் எதிர்த்துகளான ஒரு பொசித்திரனும் பிறக்கும். வெறும் ஒளியிலிருந்து பொருள்! பிரெய்ட், வீலர் என்ற இரு பௌதிகவியலாளர்கள் 1934இலேயே கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம்.

எல்லாக் காமா கதிரும் இப்படி அழியாது, வசதியே அதில்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு மோதி அழிய, காமா கதிருக்குச் சுமார் 10,000 கோடி இலத்திரன் வோல்ற்று சக்தி வேண்டும். சக்தி மிகக் குறைந்தவை தப்பி வந்துவிடும். தப்பியவற்றை வைத்து, மேல் சக்தியில் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று கணித்து, வந்ததைக் கழித்தால் வழியில் தொலைந்தது தெரிந்துவிடும். சரி, பிளேசரே குறைவாக விட்டிருந்தால்? ஒன்றிரண்டில் அப்படி இருக்கலாம். தூரம் கூடக்கூட எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கில் இழப்பும் கூடுகிறது என்றால், பழியை வழியில் கிடக்கும் ஒளிமேல்தான் போட வேண்டும்.

2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்தொலைநோக்கி பார்த்த 739 பிளேசர்களையும் ஒரு காமா கதிர் வெடிப்பையும் வைத்து 2018இல் வந்த விடை: நட்சத்திரங்கள் விட்ட ஒளித்துகள்கள் 4க்குப் பின்னால் 84 சுழியம். நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறந்தது ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்பதும் அதிலேயே தெரிந்தது.

பெருவெடிப்புக்குப் பிந்திய முதல் 100 கோடி ஆண்டுகள் மட்டும் இதில் அகப்படவில்லை. அந்தக் காலத்துக் கலக்ஸிகளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தனித்தனியே படம் பிடிக்கிறதுதான், ஆனால் அதற்கும் எட்டாத குட்டிக் கலக்ஸிகளின் ஒளிகூடக் காமா கதிரை மறிக்கும் என்பதால், இன்னும் தூரத்துப் பிளேசர் கிடைத்தால் அவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடலாம்.