சட்டம் தடுக்கவில்லையாம், அதனால் உரிமை இருந்ததாம்!

மனித உரிமைச் சட்டத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். 1970, 80-களில் சோவியத் யூதர்களை நாட்டை விட்டு வெளியேற விடாதது உரிமை மீறலா என்ற கேள்விக்கு இந்த வருஷமும் அதே பதில்: "வெளியேறத் தடைச் சட்டம் எதுவும் இல்லை. எனவே உரிமை மீறல் இல்லை." பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டாவது தாளில் சிவப்புப் பேனாவை மூடிவிட்டேன்.

சட்டப் புத்தகத்தில் தேடினால் தடை கிடைக்காதுதான். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையை சோவியத் ஒன்றியம் 1973-ல் ஏற்றுக்கொண்டது. சொந்த நாட்டை விட்டும் ஒருவர் வெளியேறலாம் என்று அதன் 12-ம் பிரிவு சொல்கிறது. தடை இருந்தது ஓவிர் எனப்படும் விசா அலுவலகத்தின் மேஜையில்.

அங்கே கேட்ட காகிதங்களைப் பாருங்கள். இஸ்ரேலில் இருக்கும் உறவினரின் அழைப்புக் கடிதம் வேண்டும். அது தபாலிலேயே தொலைந்துபோகும். வேலையிடத்துச் சான்று வேண்டும். கேட்டால் கூட்டம் போட்டுத் துரோகி என்பார்கள், அப்புறம் வேலையும் போகும். வேலையில்லாமல் இருந்தால் 'ஒட்டுண்ணி' என்று வழக்குப் போடச் சட்டம் உண்டு! அதனால்தான் பொறியாளர்கள் கொதிகலனுக்குக் கரி அள்ளினார்கள். நாற்பது வயதுக்காரரும் பெற்றோரிடம் எழுதி வாங்கிவர வேண்டும். கையெழுத்துப் போட்டால் தன் வேலைக்கும் ஆபத்து என்று அப்பா பயந்தால் மகன் கதை அதோடு முடிந்தது. இதையெல்லாம் தாண்டினாலும் 'அரசு ரகசியம் தெரிந்தவர்' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிடலாம். (எழுத்தில் தராத மறுப்பை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது? வக்கீல் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.)

"மதமே பிடிக்காத அரசு, எல்லா மதத்துக்கும் ஒரே அடிதானே" என்று சிலர். பாதிதான் சரி. யூத ஜெபாலயத்தின் பக்கமே போகாதவருக்கும் உள்நாட்டு பாஸ்போர்ட்டில் (அடையாள அட்டை மாதிரி) இனத்தைக் குறிக்கும் 5-வது வரியில் 'யூதர்' என்று எழுதினார்கள். ஆனால் வெளியேற அனுமதி மறுக்கப்பட்ட யோசிஃப் பேகுன் யூதர்களின் மொழியான ஹீப்ருவைச் சொல்லிக்கொடுத்தபோது அதை வேலையாகவே ஏற்காமல், ஒட்டுண்ணி என்று தண்டித்தார்கள். யூதர் என்ற முத்திரையை அழிக்கவும் முடியாது, யூதராக வாழவும் முடியாது, கிளம்பவும் முடியாது.

அடுத்த தேர்வுக்காவது, அரசியல் சட்டத்தைப் புரட்டுவதற்கு முன்னால் விண்ணப்பத்தைப் படியுங்கள். யார் கையெழுத்துப் போட வேண்டும்? எத்தனை நாளில் பதில் வரும்? விண்ணப்பித்தவர் மறுநாள் வேலைக்குப் போக முடிகிறதா? 1979-ல் 51,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள் என்று பெருமையாக எழுதுகிறீர்களே, 1984-ல் ஆயிரம் பேர்கூட இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நடுவில் கெட்டது அமெரிக்காவோடு இருந்த உறவு, மாறியது சட்டமல்ல.

தயவுசெய்து, அனுமதி மறுக்கப்பட்டுச் சிறையிலும் இருந்த ஷரான்ஸ்கியோடு நிறுத்திவிடாதீர்கள். 1986-ல் அவர் விடுதலையாகி பெர்லின் பாலத்தைக் கடந்த படம் எல்லோருக்கும் தெரியும். இடா நூடெல் 1971-ல் விண்ணப்பித்தவர். 1978-ல் 'கேஜிபியே, என் விசாவைக் கொடு' என்று தன் வீட்டு பால்கனியில் பதாகை கட்டினார். கிடைத்தது நான்கு வருஷம் சைபீரியா. நாட்டை விட்டுக் கிளம்பியது 1987 அக்டோபரில்.

மதிப்பெண் போதவில்லை என்பவர்கள் மறுமதிப்பீடு கேட்டு வரலாம். மறுத்தால் காரணத்தை எழுத்திலேயே தருவேன்.