ஊடுருவல் சோதனையா, ஊடுருவிச் சோதிப்பதா?

'தானியங்கி ஊடுருவல் திட்டமிடல் கருவி.' கணினிப் பாதுகாப்பு பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் இந்தத் தொடரைப் பார்த்துவிட்டு இனியும் சும்மா போக முடியவில்லை. ஒரு நிறுவனம் தன் வலையமைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று அறிய, தானே ஆள் அமர்த்தி, எழுத்தில் அனுமதி கொடுத்து, உள்ளே நுழைந்து காட்டச் சொல்கிறது. அதுதான் பெனட்ரேஷன் டெஸ்டிங். தொழிலில் இருப்பவர்கள் வாயில் அது பென்டெஸ்ட். டெண்டர் தாள்களில், ஓட்டைகளைப் பட்டியலிடும் மதிப்பீட்டையும் சேர்த்து, வி.ஏ.பி.டி. அந்தச் சோதனையில் எங்கே தொடங்கி, எந்த இயந்திரம் வழியாக எதுவரை போகலாம் என்று கணக்கிட்டுத் தரும் மென்பொருளைத்தான் மேலே உள்ள தொடர் குறிக்கிறதாம். தமிழில் மட்டும் படிப்பவர், எல்லை தாண்டி வரும் கும்பலிடம் பிடிபட்ட ஏதோ சாதனம் என்றுதான் நினைப்பார்.

சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெனட்ரேட் லத்தீனிலிருந்து வந்தது. அதன் உறவான 'பெனஸ்' வீட்டின் உள்ளே சேமித்த உணவுப் பொருளைக் குறிக்கும். ஆக, உள்ளறை வரை போவது. நம் ஊடுருவு, ஊடு + உருவு: அம்பு போல ஊடே பாய்ந்து போவது. நுணுக்கமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் பழகிவிட்டது, இருக்கட்டும். கணினித் துறையில் இந்தப் பேச்சு பழையது. அமெரிக்க விமானப்படைக்கு ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972இல் கொடுத்த அறிக்கையிலேயே இது வருகிறது.

என் சண்டை, பெனட்ரேஷன் டெஸ்டிங்குக்குத் தமிழில் எழுதப்படும் 'ஊடுருவல் சோதனை' என்ற கூட்டோடுதான். தமிழில் சோதனைக்கு முன்னால் ஒரு பெயரை வைத்தால், பெரும்பாலும் அது தேடப்படும் பொருள் அல்லது சோதிக்கப்படும் பொருள். சர்க்கரைச் சோதனை, ரத்தச் சோதனை, வெடிகுண்டுச் சோதனை. அந்தக் கணக்கில் ஊடுருவல் சோதனை என்றால் யாராவது ஊடுருவியிருக்கிறார்களா என்று தேடுவது. அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது எதிர்ப்பக்கத்து வேலை: வலையமைப்பைக் காவல் காத்து, அத்துமீறி வந்தவரைக் கண்டுபிடிப்பது. நுழைந்து பார்ப்பவருக்கும் நுழைந்தவரைப் பிடிப்பவருக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி? போதாக்குறைக்கு, செய்தித்தாள் தமிழில் சோதனை என்றாலே வருமான வரித்துறைதான் நினைவுக்கு வருகிறது.

இதற்குத் தீர்வு தமிழிலேயே இருக்கிறது. தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம்; அதை யாரும் 'தட்டல் சோதனை' என்பதில்லை. எதைச் செய்து சோதிக்கிறோம் என்பதை வினையெச்சம் ஒரே அசைவில் சொல்லிவிடுகிறது. ஊடுருவிச் சோதித்தல். ஊடுருவுவது வழி, சோதிப்பது நோக்கம். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொல் அடுக்கியிருந்தால் நாமும் இரண்டு பெயர்ச்சொல் அடுக்க வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

சோதனை வடசொல், அதையும் தூக்க வேண்டும் என்கிறார் நண்பர் ஒருவர். அகழ் + ஆய்வு அகழாய்வு ஆனதுபோல், புகு + ஆய்வு, 'புகாய்வு' என்பது அவர் ஆக்கம். தனித்தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு. ஆனால் புகாய்வு என்றால் காதில் விழுவது 'புகா' ஆய்வு, உள்ளே போகாமல் செய்த ஆய்வு! வேலை செய்யாமல் அறிக்கை கொடுக்கும் சில ஆலோசகர்களுக்கு அது பொருந்தலாம். 'ஊடுருவுத் தேர்வு' என்றால் அடுத்து மதிப்பெண் பட்டியல் எப்போது வரும் என்று கேட்பார்கள். தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

அடுத்தது 'திட்டமிடல்'. செயற்கை நுண்ணறிவில் இதற்குக் குறுகிய பொருள் ஒன்று உண்டு. ஒவ்வொரு செயலுக்கும் முன்நிபந்தனை என்ன, விளைவு என்ன என்று எழுதிக் கொடுத்தால், தொடக்க நிலையிலிருந்து இலக்கு வரை செயல்களை வரிசைப்படுத்தித் தருவது. 1971இல் வந்த ஸ்ட்ரிப்ஸ் என்ற நிரல் இந்த முறைக்கு அடித்தளம். 1998இல் வந்த பி.டி.டி.எல். அதற்கென்றே ஆன விவரிப்பு மொழி. 2010இல் புவெனஸ் ஐரிஸிலிருந்த கோர் செக்யூரிட்டி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வலையமைப்பின் நிலையை அந்த மொழியில் எழுதி, பொதுப் பயன்பாட்டுக்கான திட்டக் கருவிகளிடம் கொடுத்துத் தாக்குவழியைக் கேட்டார்கள். இந்த போர்ட் (இயந்திரத்தின் வலையமைப்பு வாசல்) திறந்திருந்தால், இந்தக் குறை இருந்தால், இந்த இயந்திரம் கைக்கு வரும், அதிலிருந்து அடுத்தது. மைட்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் தாக்குதல் ஒத்திகை மென்பொருளான கால்டெராவிலும் அடுத்த அடியைத் தீர்மானிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. ஆக இங்கே நடப்பது வழி வகுத்தல். 'திட்டமிட்டு' என்பதை ஊடுருவலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் குற்றப்பத்திரிகை வாசனைதான் வரும்.

இதையெல்லாம் விடப் பெரிய குறை, ஆங்கில மூலத்தில் பெனட்ரேஷன் டெஸ்டிங்குக்கு முன்னால் இருந்த 'ஆத்தரைஸ்டு' (அனுமதி பெற்ற) என்ற சொல் தமிழில் காணாமலே போய்விடுகிறது. அது அலங்கார அடைமொழி இல்லை. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதை 2000ஆம் ஆண்டின் இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு தடுக்கிறது. நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை. வேலைக்கும் குற்றத்துக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு சொல். அதைச் சிலர் போடும்போதும் 'அங்கீகரிக்கப்பட்ட' என்று போடுகிறார்கள். அங்கீகாரம் பள்ளிக்கூடத்துக்கு, கட்சிக்கு. இங்கே வேண்டியது அனுமதி.

தானியங்கி என்பது தானே இயங்கும் பொருளின் பெயர். அடைமொழியாக வேண்டுமானால் தன்னியக்க இருக்கிறது. ஆக என் கணக்கில் இது 'அனுமதியோடு ஊடுருவிச் சோதிப்பதற்கான தன்னியக்க வழிவகுப்புக் கருவி'. நீளம்தான். முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் பென்டெஸ்ட் கருவி என்று சொல்லிக்கொள்ளுங்கள், நான் கோபிக்க மாட்டேன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வரையறுத்து இந்தச் சோதனைகளுக்கு முன் இரு தரப்பும் கையெழுத்திடும் 'ரூல்ஸ் ஆஃப் என்கேஜ்மென்ட்' என்ற தாளை எவரும் 'நிச்சயதார்த்த விதிகள்' என்று எழுதாமல் இருந்தால் சரி.