புது நாய் வருவதற்கு முன் தரையில் குனிந்து பாருங்கள்

இந்த வாரமும் அப்படி ஒரு நாய் என்னிடம் வந்தது. தத்தெடுத்த மறுநாளே கைப்பைக்குள் இருந்த சர்க்கரை இல்லாத சூயிங்கத்தைப் பாக்கெட்டோடு தின்றுவிட்டு, கால் தள்ளாடி, வலிப்போடு தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டது, சரி. ஆனால் கூட வந்தவர் கேட்ட கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது: "எதைத் தின்னலாம், எது கூடாதுன்னு நாய்க்கே தெரியும்ல டாக்டர்?"

தெரியாது. எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். நாயின் மூக்கு அபாரமானதுதான், ஆனால் அந்த மூக்கு சொல்வது "இது தின்னக்கூடியது" என்பதை மட்டும்தான், தின்றால் சிறுநீரகம் போகுமா ஈரல் போகுமா என்பதை அல்ல. விஷமென்றால் கசக்கும், நாறும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். எலி விரும்பித் தின்ன வேண்டும் என்றே ருசி சேர்த்துச் செய்வதுதான் எலிமருந்து. நாய்க்கு விஷமான மற்றவையும் அப்படித்தான்: சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிடாலும் இனிக்கும், சாக்லேட்டும் இனிக்கும், திராட்சையும் உலர்திராட்சையும் இனிக்கும். நாய் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறது? கிடைத்ததை முதலில் விழுங்கு, பிடிக்காவிட்டால் வாந்தி எடு என்பதுதான் அதன் வழி. அதிலும் சாப்பாட்டுக்கு அடித்துக்கொண்டு வளர்ந்த நாய் என்றால் மென்றுகூடப் பார்க்காது. உடனே "புல் தின்னு தானே வைத்தியம் பார்த்துக்குமே" என்று ஒருவர் வருவார். புல் தின்னும் நாய்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பு நன்றாகத்தான் இருக்கின்றன, தின்ற பிறகும் வாந்தி எடுப்பதில்லை. அது வைத்தியம் இல்லை, தீனி.

ஆகவே படுக்கை, சட்டை, விதவிதமான பொம்மை என்று வாங்கிக் குவிப்பதற்கு முன்னால், நாய் இருக்கப்போகும் அறையில் மண்டியிட்டு, அதன் தலை உயரத்தில் சுற்றிலும் பாருங்கள். தரையில் வைக்கும் கைப்பை, மூடியில்லாத குப்பைக்கூடை, கட்டிலோரத்து மாத்திரை அட்டை, தொங்கும் சார்ஜர் வயர், கழற்றிப்போட்ட சாக்ஸ். (சாக்ஸ் குடலை அடைத்து அறுவை சிகிச்சை வரைக்கும் போகும், சிரிக்காதீர்கள்.) வெங்காயம், பூண்டு, வேகவைத்த எலும்பு எதுவும் குப்பையிலிருந்துகூட எட்டக்கூடாது. தொட்டியில் அரளியோ, பனை போலிருக்கும் அலங்காரச் செடியான சைக்கஸோ இருந்தால் அப்புறப்படுத்துங்கள். எப்போதோ அலமாரிக்கடியில் வைத்து மறந்த எலிமருந்தைத் தேடி எடுங்கள், ஏனென்றால் ரத்தம் உறையாமல் செய்யும் வகையைத் தின்ற நாய் மூன்று நான்கு நாட்கள் ஒன்றுமே நடக்காதது போல ஓடியாடிவிட்டு, அப்புறம்தான் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாய்கிறது. நொண்டுகிறதே என்று உங்கள் பாராசிட்டமாலையோ ஐபுபுரோஃபெனையோ நீங்களே கொடுப்பதும் இதே விஷக் கணக்கில்தான் வரும்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். இரண்டு கிண்ணம், ஒரு படுக்கை, வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் ஒன்றிரண்டு பொம்மை, உடம்போடு மாட்டும் பட்டை, உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு. தகடு முதல் நாளே கழுத்தில் இருக்கட்டும், புது நாய்கள் கதவு திறந்த நொடியில் நழுவி ஓடுவது முதல் சில நாட்களில்தான். தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப் இருக்கிறதே என்பார்கள். ஐயா, அது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி இல்லை, யாராவது பிடித்து ஸ்கேனரை வைத்தால்தான் எண்ணைக் காட்டும்.

உணவு, அது முன்பு தின்றுகொண்டிருந்ததேதான். மாற்ற நினைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பாவம் என்று கிண்ணம் கிண்ணமாகப் பால் ஊற்றி மறுநாள் வயிற்றுப்போக்கோடு தூக்கி வராதீர்கள். வளர்ந்த நாய் முதல் நாள் சாப்பிடாமல் மூலையில் கிடந்தால், தண்ணீர் குடித்துக் கவனமாகவும் இருந்தால், விடுங்கள், தானாக வரும். சின்னக் குட்டி சாப்பிடவில்லை என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

இன்னொன்று, யாரும் தாமாகச் சொல்லாதது. நாய் வரப்போகும் வீட்டில் முன்பு ஒரு குட்டி பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வாந்தி, வயிற்றுப்போக்கு வைரஸ்) வந்து இறந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அந்த வைரஸ் மாதக்கணக்கில் தங்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது, நீர்த்த பிளீச் வேண்டும். குட்டிக்கு 16 வார வயது வரை தொடரும் தடுப்பூசிகள் முடியும் முன் அங்கே கொண்டுபோகலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை இப்போதே போனில் ஏற்றிவையுங்கள். எதையாவது தின்றுவிட்டால் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே தனி விஷமாகிவிடும். கூப்பிடுங்கள், உடனே கிளம்புங்கள். வரும்போது கிழிந்த பாக்கெட்டையும் கையோடு எடுத்துவாருங்கள், எது, எவ்வளவு என்று தெரிந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.