ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாடம் ஏறாதா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு வீரர்களின் படிப்புக்குத் துணைநிற்கும் பிரிவில் கல்வி உளவியலாளராகப் பணியாற்றுகிறேன். என்னிடம் வருவோரில் பெரும்பாலோர் ஃபுட்பால் ஆடுபவர்கள். நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். என் வேலையைக் கேள்விப்படும் உறவினர்கள், "படிப்பு ஏறாத பையன்களுக்கு டியூஷன் எடுக்கிறாயா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஆள் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை என்ற இதே எண்ணத்தை, சற்று நாகரிகமான சொற்களில், பேராசிரியர்கள் சிலரிடமிருந்தும் கேட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எதிரணியின் முன்னேற்றத்தைத் தடுக்கும் தற்காப்பு ஆட்டக்காரரான ஒரு லைன்பேக்கர் என்னிடம் அனுப்பப்பட்டார். அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியே சொல்கிறேன். தொடக்கநிலைப் புள்ளியியலில் இருமுறை தோற்றிருந்தார். அவரால் இதற்குமேல் இயலாது என்று வகுப்பாசிரியர் குறிப்பெழுதியிருந்தார். பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வரவிருக்கும் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பலகையில் விளக்கச் சொன்னேன். எதிரணியின் பதினொருவரையும் தம் அணியின் பதினொருவரையும் வரைந்தார். மூன்றாவது டவுனில், அதாவது முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், ஏழு கெஜத்துக்கு மேல் தேவைப்பட்டால் அந்த அணி எந்தப் பக்கம் எறியும், ஒருவர் இடம் மாறி நின்றால் அந்த வாய்ப்பு எப்படிக் குறையும், அப்போது தாம் யாருக்கு என்ன குரல் கொடுக்கவேண்டும் என்று இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். அவர் சொன்னதெல்லாம் நிபந்தனை நிகழ்தகவு: ஒன்று நடந்தால் மற்றொன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு. அவர் தோற்ற தேர்வின் இரண்டாம் அலகு. அதே கருத்தை எட்டு வரிக் கணக்காக அச்சில் நீட்டியபோது, மூன்றாவது வரியிலேயே தடுமாறினார். முறையான சோதனையில் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு என்று தெரிந்தது. பள்ளிக்காலம் முழுவதும் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நன்றாக ஆடும் பையனின் மதிப்பெண் குறைந்தால் அதற்குக் காரணம் தேட யாருக்கும் தோன்றுவதில்லை. வினாத்தாளை ஒலிவடிவில் கேட்கும் வசதியும் கூடுதல் நேரமும் கிடைத்த பிறகு மூன்றாம் முறை தேறினார்.

எல்லோருக்கும் டிஸ்லெக்சியா இருப்பதில்லை. ஆனால் ஒருவரிடமும் இல்லாத பொருள் நேரம். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வீரர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று 1991 முதல் விதி வைத்திருக்கிறது. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் அந்தக் கணக்கில் மூன்று மணி நேரம்தான். பயணம் கணக்கில் வராது. காயத்துக்கான சிகிச்சை வராது. 'விருப்பத்தின் பேரில்' காணொளி பார்த்து எதிரணியை ஆராய்வதும் வராது. அந்த விருப்பத்தின் பொருள் என்ன என்பது அணியில் இடம் வேண்டும் வீரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். என்சிஏஏ தானே வீரர்களிடம் நடத்திய கணக்கெடுப்புகளில், முதல்நிலை ஃபுட்பால் வீரர்கள் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்துக்குச் செலவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முழுநேர வேலை பார்த்துக்கொண்டே முழுநேரப் படிப்பும் படிக்கும் ஒருவரின் மதிப்பெண்ணை, அந்த நாற்பது மணி நேரமும் கையில் உள்ள மாணவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு அறிவு என்று பெயர் சூட்டுகிறோம்.

பாடத்தேர்வும் இதில் சிக்கிக்கொள்கிறது. பயிற்சி பிற்பகலில் நடந்தால், பிற்பகல் ஆய்வகம் உள்ள வேதியியலும் பொறியியலும் அட்டவணையிலேயே அடிபட்டுப்போகும். ஆடும் தகுதி நீடிக்கவேண்டுமானால், மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்குள் பட்டப்படிப்பின் 40 விழுக்காடு, நான்காம் ஆண்டுக்கு முன் 60 விழுக்காடு என்று முடித்துக்கொண்டே போகவேண்டும். எனவே தவறான துறையைத் தேர்ந்துவிட்ட இருபது வயதுப் பையன் துணிந்து மாறவும் முடியாது. இப்படி ஒரே துறையில் ஒரே அணியின் பத்துப் பேர் சேர்ந்திருப்பதைப் பார்ப்பவர்கள், சுலபமான பாடத்தைத் தேடிப் போனார்கள் என்கிறார்கள்.

ஊடகங்களுக்கு இந்த விவரமெல்லாம் சுவைப்பதில்லை. அவற்றிடம் இரண்டே கதைகள் உண்டு: ஒன்று மூடன், மற்றொன்று அதிசயப் பிறவி. தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் போலுக்கு முன், 1979இல், பிட்ஸ்பர்க் அணியின் டெர்ரி பிராட்ஷாவுக்கு மூன்றெழுத்துச் சொல்லில் இரண்டெழுத்தைச் சொல்லிக்கொடுத்தாலும் மிச்சத்தை எழுதத் தெரியாது என்று எதிரணி வீரர் ஒருவர் கேலி செய்தார். பிராட்ஷா அந்த ஆட்டத்தை 35–31 என்று வென்று சிறந்த வீரர் விருதும் பெற்றார். ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேலிதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 2012இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இளம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்) கார்டேல் ஜோன்ஸ், ஆட வந்தவர்களுக்கு வகுப்பு எதற்கு என்று ட்விட்டரில் எழுதியபோது நாடே சிரித்தது. அவர் 2017இல் பட்டம் பெற்றார். பட்டமளிப்புத் தொப்பியில் தம் பழைய வரியையே கேலியாக ஒட்டிக்கொண்டு வந்தார். முதல் செய்தியை என்னிடம் சொன்னவர்களில் ஒருவர்கூட இரண்டாவதை அறிந்திருக்கவில்லை.

அதிசயப் பிறவிக் கதையும் வீரர்களுக்கு நன்மை செய்வதில்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் அணியின் மைரன் ரோல், 2008 நவம்பரில், ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பதற்கான பெருமைமிக்க ரோட்ஸ் உதவித்தொகைக்கான நேர்காணலை முடித்துக்கொண்டு அதே இரவு மேரிலாந்தில் ஆடப் போனார். ஆக்ஸ்ஃபோர்டில் ஓராண்டு படித்துவிட்டு அவர் திரும்பியபோது, ஆட்டத்தில் இவருக்கு உண்மையான பற்று உண்டா என்று தொழில்முறை அணிகள் ஐயுற்றன. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டில் ஆறாம் சுற்றில்தான் அழைக்கப்பட்டார். பின்னர் அவர் நரம்பியல் அறுவை மருத்துவரானார். படிக்காவிட்டால் மூடன், படித்தால் ஆட்டத்தில் பற்றில்லாதவன். இரண்டுக்கும் நடுவில், சராசரி மதிப்பெண்ணோடு ஒழுங்காகப் படித்துப் பட்டம் வாங்கிச் செல்லும் வீரருக்கு எந்தத் தலைப்பும் இல்லை. என் அலுவலகத்துக்கு வருவோரில் மிகுதியானவர்கள் அவர்களே.

இதற்குள் நிறவேற்றுமையும் கலந்திருக்கிறது. வெள்ளையர் நன்றாக ஆடினால் கூர்மதி, கறுப்பர் நன்றாக ஆடினால் பிறவி உடல்வலு என்று வர்ணனையாளர்கள் பேசும் வழக்கத்தை ஆய்வாளர்கள் 1970களிலிருந்தே சுட்டிவருகிறார்கள். சிந்தித்து ஆடவேண்டிய இடம் குவார்ட்டர்பேக் என்பதால் கறுப்பர்களை அந்த இடத்திலிருந்து நகர்த்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கறுப்பினக் குவார்ட்டர்பேக்கான வாரன் மூன் 1978இல் எந்த அமெரிக்கத் தொழில்முறை அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாமல் கனடாவுக்குப் போய் ஆடினார். 2016இல் கல்லூரி ஆட்டத்தின் உயரிய ஹைஸ்மன் விருதை வென்ற குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனுக்கும் வேறு ஆட்ட இடத்துக்கு மாறச் சொல்லி அறிவுரை வந்தது. தம் கூட்டத்தைப் பற்றிய இழிவான எண்ணம் நினைவூட்டப்பட்டாலே தேர்வில் செயல்திறன் குறையலாம் என்று உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் 1995இல் காட்டினார்கள். அந்த விளைவு எவ்வளவு வலுவானது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அணிச் சட்டையோடு வகுப்புக்குப் போக வேண்டாம் என்று மூத்த வீரர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

இவ்வளவும் சொல்வதால், களத்தில் கூர்மையானவர் எல்லாப் பாடத்திலும் கூர்மையானவர் என்று நான் வாதிடுவதாக எண்ணவேண்டாம். ஒரு துறையில் பழகிய திறமை இன்னொன்றுக்குத் தானாகக் கைமாறுவதில்லை; யாரோ உட்கார்ந்து மாற்றிக்கொடுக்கவேண்டும். அந்த உழைப்புக்குப் பதிலாக இரக்கத்தைக் கொடுத்த கதைகளே எனக்கு அச்சம் தருபவை. நான்கு ஆண்டுகள் ஒக்லஹோமா ஸ்டேட்டில் ஆடிய டெக்ஸ்டர் மேன்லி, தமக்கு வாசிக்கத் தெரியாமலே கல்லூரியைக் கடந்ததை 1989இல் செனட் குழுவின் முன் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். சேப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடக்காமல் ஒரு கட்டுரைக்குத் தாராளமாக மதிப்பெண் வழங்கிய பாடங்களில் 3,100 பேர் சேர்ந்திருந்ததை 2014 விசாரணை வெளிப்படுத்தியது; அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். "பாவம், இவர்களால் முடியாது" என்று முன்கூட்டியே முடிவுகட்டியவர்களும் 'மூடன்' என்று கேலி செய்தவர்களும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ஆகையால் புதிய மாணவர் முதன்முதலாக வரும்போது நான் மதிப்பெண் பட்டியலைத் திறப்பதில்லை. அந்த வாரத்து ஆட்டத் திட்டத்தை எப்படி மனத்தில் ஏற்றினார், படமாகவா, வாய்விட்டுச் சொல்லியா, நடந்து பார்த்தா என்று கேட்கிறேன். பிறகு ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்கிறேன். திணறினால் அந்த வாரமே வாசிப்புச் சோதனைக்கு நாள் குறிக்கிறேன். தலையில் அடிபட்ட வரலாறு உண்டா, எத்தனை மணிக்கு உறங்குகிறார் என்ற இரண்டையும் கேட்ட பிறகே மதிப்பெண்ணுக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒருவர் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக விடையளித்துவிட்டு, "படிப்பைப் பற்றி எப்போது கேட்பீர்கள்?" என்றார்.