பின்கால் இல்லாத நாற்காலி எப்படி நிற்கிறது?

முன்னால் இரண்டு கால், பின்னால் வெறும் காற்று, வளைத்த எஃகுக் குழாய். உட்கார்ந்தால் லேசாக அசைந்து கொடுக்கும். ஆபீஸ் வரவேற்பறைகளில் இன்றும் கிடக்கும் இந்த நாற்காலி 1920களின் ஜெர்மனியில் உருவானது. மெத்தையே இல்லாமல் இது எப்படி இவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கவிழாததற்குக் காரணம் எளிது. முன்கால்கள் தரையைத் தொட்டதும் நின்றுவிடாமல் இருக்கைக்கு அடியில் பின்பக்கமாக நீள்கின்றன, நம் எடை அந்தப் பரப்புக்குள்ளேயே இறங்குகிறது. ஆனால் எடை முன்காலுக்குப் பின்னால் விழுவதால் அந்தக் காலை அது வளைக்கப் பார்க்கும். வளையும் எந்தத் தண்டிலும் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நெருக்கப்படும், நடுப்பகுதிக்கு அநேகமாக வேலையே இல்லை. மூங்கில் உள்ளே காலியாக இருந்தும் அவ்வளவு தாங்குவது இதனால்தான். 25 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் சுவர் உள்ள குழாய் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே விட்டமுள்ள கெட்டிக் கம்பியின் எடையில் 30 சதவீதம்கூட வராது, விறைப்போ பாதி கிடைத்துவிடும்.

இந்தக் குழாயை வீட்டு நாற்காலிக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் டெசாவ் நகரிலுள்ள பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் இருந்த மார்செல் ப்ராயர், 1925-ல், சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்து. அப்புறம் 1926-ல் டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம், கேஸ் குழாய்த் துண்டுகளை எல்போ போட்டு இணைத்து, பின்கால் இல்லாத முதல் மாதிரியைச் செய்தார். அது விறைப்பாக நின்றது. அந்த யோசனையைக் கேள்விப்பட்ட ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, 1927-ல் ஷ்டுட்கார்ட் வைசன்ஹோஃப் கண்காட்சிக்குத் தன் நாற்காலியைச் செய்தபோது முன்காலைப் பெரிய அரைவட்டமாக வளைத்தார். வளையக்கூடிய நீளம் கூடியது, எடைக்கும் காலுக்கும் இடையிலான தூரமும் கூடியது, அதனால் அதே ஆள் உட்கார்ந்தாலும் குழாய் அதிகமாக இறங்கிக் கொடுக்கிறது. எஃகின் மீள்தன்மை எல்லையைத் தாண்டாததால் எழுந்ததும் பழைய வடிவுக்கே வந்துவிடுகிறது. சட்டமே ஸ்பிரிங்.

முன்கால் நேராக நிற்கும், பின்கால் இல்லாத வடிவத்தின் உரிமை ஸ்டாமுக்கே என்று 1932-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வடிவத்துக்கு அது நியாயம்தான். ஆனால் உட்காருபவரின் சுகத்துக்கு நான் மீஸின் பக்கம்.

பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோவுக்கு எஃகின் குளிர்ச்சி பிடிக்கவில்லை. அவர் 1930களின் தொடக்கத்தில் பிர்ச் மரத்தை மெல்லிய தகடுகளாக்கி, பசை தடவி அடுக்கி, அச்சில் வளைத்தார். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால் தனித்தனித் தகடுகள் சுலபமாக வளையும். பசை இறுகியபின் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முடியாது, வளைவு அப்படியே நிற்கும். அந்த மரச்சட்டத்திலும் பின்கால் இல்லாத நாற்காலி செய்தார், அதுவும் உட்கார்ந்தால் அசைந்து கொடுக்கும்.